பறந்த தளபதி

வரலாறு பிள்ளைகளுக்குக் கசக்கிறது என்பதைக் கல்வி அலுவலகம் ஒருவழியாகக் கண்டுபிடித்தது. உடனே, இனி வரலாற்றைச் சினிமா வழியாகவே புகட்ட வேண்டும் என்று ஆணை பிறந்தது. அப்போதைக்கு அவர்கள் கைக்குச் சிக்கியது ஒரு சீனச் சண்டைப் படம்.

வரலாற்று வாத்தியார் வகுப்பறை ஜன்னல்களைச் சாத்திவிட்டுப் படத்தைப் போட்டார். வெள்ளைத் தாடித் தளபதி ஒருவர் மூங்கில் நுனியில் நின்று தேநீர் குடித்தார். குடித்த கையோடு கோட்டை மதிலைத் தாண்டிப் பறந்தார். எதிரிகள் முறைவைத்து ஒவ்வொருத்தராக வந்து உதை வாங்கிப் போனார்கள். பிள்ளைகள் விசிலடித்தார்கள். வாத்தியாருக்கு வயிறு எரிந்தது. அவர் பாடத்தில் இதுவரை கொட்டாவி விடத்தான் அவர்கள் வாய் திறந்திருக்கிறார்கள்.

நேரே அலுவலகத்துக்குப் போனார்.

"ஐயா, படத்துல மனுஷன் பறக்கிறானே!"

அதிகாரி மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். "அந்தக் காலத்துல நீங்க இருந்தீங்களா?"

"இல்லீங்க."

"நானும் இல்ல. பறக்கலைன்னு பாடநூல்ல போட்டிருக்கா?"

"அதெல்லாம் யாராவது போடுவாங்களா ஐயா?"

"அப்போ ஆட்சேபணைக்கு இடமில்லை."

ஐயத்தை உரிய நேரத்தில் எழுப்பியதற்காக வாத்தியாருக்கு நன்றி சொல்லி, அதைத் தேர்விலேயே கேள்வியாக்கினார்கள். 'தளபதி கோட்டைக்குள் எவ்வாறு நுழைந்தார்?' விடை: 'பறந்து.'

"உள்ள இருந்த எவனோ கதவைத் திறந்துவிட்டிருப்பான்," என்று வாத்தியார் வீட்டில் சாப்பிடும்போது பொருமினார். அவர் வகுப்பிலேயே படிக்கும் மகள் அதை அப்படியே தேர்வில் எழுதிவைத்தாள். வாத்தியார் சிவப்பு மையில் சுழி போட்டார்.

"நீங்க சொன்னதைத்தானேப்பா எழுதினேன்?" மகளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"வீட்ல சொன்னது வேறம்மா. பேப்பர் திருத்தும்போது நான் அப்பா இல்ல."

மனைவி விடவில்லை. "மறுபடி திருத்தச் சொல்லி மனு போடுங்க."

"போட்டா, திருத்தப்போறதும் நான்தான்."

அவள் மகள் பக்கம் திரும்பினாள். "பறந்தான்னு எழுதித் தொலைச்சா உனக்கு என்னடி குறைஞ்சுபோகுது?"

அடுத்த தேர்விலும் அதே கேள்வி வந்தது. மகள் அரைப் பக்கத்துக்கு விளாசியிருந்தாள். தளபதி பறந்தார், பின்னாலேயே அவர் குதிரையும் பறந்தது, இறங்கும்போது காற்று சாதகமாக வீசியது.

குதிரையைப் பற்றி விடைக்குறிப்பில் பேச்சே இல்லை. வாத்தியார் அதை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார். பிறகு, ஓரத்தில் 'ஆழ்ந்த ஆய்வு' என்று எழுதி, முழு மதிப்பெண்ணும் போட்டார்.

சாயங்காலம் அவர் மனைவி தெருவில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "வரலாறு அவளுக்கு ரத்தத்துலயே ஊறியிருக்கு. அப்படியே அவங்க அப்பா!"