கிராவே அண்ணை விற்ற நோய்கள்

பலெர்மோ நகரத்தில் லேசான நோய் என்று ஒன்று உண்டென்பதைக் கடைசிவரை ஒப்புக்கொள்ளாத மனிதர் ஒருவர்தான் இருந்தார். கடுமையான நோய்க்கு இத்தாலியர் சொல்லும் ‘கிராவே’ என்ற சொல்லே அவருக்குப் பெயராகிவிட்டது. சொந்தப் பெயர் பங்குச் சாமியாருக்கே மறந்துபோயிற்று.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. பொலிதேயாமா நாடக அரங்குக்கு அருகே ஓர் ஆஸ்பத்திரியில் நான் தரை துடைத்துக்கொண்டிருந்தேன். கிராவே அண்ணை விடியவே அடுக்குமாடிப் படிகளைக் கழுவி முடித்துவிட்டு, இத்தாலிய மொழி தெரியாத நம் ஈழத்தமிழர்களுக்காகக் கதைக்க அங்கே வந்துவிடுவார். சம்பளம் கிடையாது. யாரும் கூப்பிட்டதும் கிடையாது.

அப்போதுதான் புது முறை வந்தது. நோயாளிகளை நோயின் வகைக்கும் கடுமைக்கும் ஏற்பக் குழுக்களாகப் பிரிப்பார்கள். குழுவுக்கு ஒரு விலை வைத்து, ஆஸ்பத்திரியிடமிருந்து சிகிச்சையை அரசு வாங்கும்; கடுமை கூடினால் விலையும் கூடும். இதை எனக்கு விளக்கியவர் அண்ணைதான்.

“தம்பி, கபோ சந்தையிலை மீன்காரன் என்ன செய்யிறான்? கத்துறான். எங்கடை வருத்தக்காரர் என்ன செய்யினம்? சாகக் கிடந்தாலும் ‘பரவாயில்லை’ எண்டுவினம். லேசான வருத்தத்தை ஆர் வாங்குவினம்?”

ஆகவே அவர் கத்தினார். கால் நகம் உள்ளே வளர்ந்தவர் கிராவே. விக்கல் எடுத்தவர் மிகக் கிராவே. கழிப்பறை எங்கே என்று கேட்க வந்த மன்னார்க்காரர் ஒருவரைச் சக்கர நாற்காலியில் ஏற்றி எக்ஸ்ரே அறைவரை கொண்டுபோய்விட்டார்கள். திரும்பி வந்தபோது அவருக்கு அவசரம் எதுவும் மிச்சமிருக்கவில்லை.

குழுவை முடிவு செய்வது டாக்டர் எழுதும் குறிப்பு, உங்கள் தொண்டை அல்ல என்று சொல்லிப்பார்த்தேன்.

“உமக்கு உது விளங்காது” என்றார்.

சில மாதங்களில், அவர் வாயைத் திறந்தாலே டாக்டர் பேனாவை மூடத் தொடங்கினார்.

அப்படியான ஒரு மத்தியானம் ரீற்றா அக்கா வந்தார். மொண்டெல்லோவில் ஒரு வீட்டில் வேலை; வீட்டு எசமானியம்மாவை ‘சிஞ்ஞோறா’ என்பார். வயிற்றைப் பிடித்தபடி சுவரோடு சுவராக நடந்து வந்தார். முகம் சாம்பல் பூத்திருந்தது. எப்படி இருக்கிறது என்று டாக்டர் கேட்டதை அண்ணை தமிழில் கேட்டார்.

“பரவாயில்லை அண்ணை, லேசான வருத்தந்தான். ஒரு குளிசை தரச் சொல்லுங்கோ. பின்னேரம் சிஞ்ஞோறா வீட்டிலை விருந்து, நான் போகவேணும்.”

அண்ணை அன்று வழக்கத்தைவிட அதிகப் படிகள் கழுவியிருந்தார். கதவு நிலையில் சாய்ந்துகொண்டு, கேட்டதை அப்படியே மொழிபெயர்த்தார். பரவாயில்லையாம், லேசாம், ஒரு குளிசை போதுமாம்.

டாக்டர் நிமிர்ந்தார். இந்த மனிதர் வாயிலிருந்து ‘லேசு’ என்ற சொல்லை அவர் கேட்டதே இல்லை. எழுந்து வந்து அக்காவின் அடிவயிற்றை அழுத்தினார். அக்கா கத்தவில்லை. மயங்கிச் சரிந்தார். குடல்வால் வெடிக்கும் நிலையில் இருந்தது. கட்டிலைத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள்.

“நல்ல தந்திரம், அண்ணை” என்றேன்.

“என்ன தந்திரம்? களைச்சுப்போனன் தம்பி. அவள் சொன்னதைச் சொன்னன்.” கட்டில் போன பக்கம் எட்டிப்பார்த்தார். “பிழைப்பாளோ?”

பின்னேரமும் அவருக்குப் படி கழுவும் வேலை இருந்தது; போகச் சொன்னேன். கேட்கவில்லை. சத்திரசிகிச்சை அறைக்கு வெளியே போய் உட்கார்ந்துவிட்டார். அக்கா பிழைத்துவிட்டார் என்று தாதி வந்து சொன்னபோது, அண்ணை இருந்தபடியே தூங்கிப்போயிருந்தார். நான் எழுப்பவில்லை. துடைப்பத்தைச் சாத்திவிட்டு, அவர் தலை சரியாதபடி தோளைக் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.