கொசுப் படம் போட்ட கல்யாணப் பத்திரிகை

வேலைக்கான விண்ணப்பத்தில் 'தெரிந்த மொழிகள்' என்று ஒரு கட்டம் இருக்கும். தமிழ், ஆங்கிலம் என்று எழுதிவிட்டு, இடம் மிச்சமிருந்ததால் நான் தெலுங்கையும் சேர்த்துவிட்டேன். (நிறையத் தெலுங்குப் படம் பார்த்திருந்தேன். அடியில் ஓடிய ஆங்கில வரிகளைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.)

அப்போது தூத்துக்குடியில் ஓர் அரசு அலுவலகத்தில் ஒப்பந்தப் பணி. சிறுபான்மை மொழியில் டெங்குத் துண்டறிக்கை அச்சிட வந்த நிதி செலவாகாமல் கிடந்தது. மார்ச் முடிந்தால் திரும்பிப் போய்விடும். ஓட்டப்பிடாரம் பக்கம் தெலுங்கு பேசும் ஊர்கள் உண்டே என்று ஆளைத் தேடியபோது என் விண்ணப்பம் அகப்பட்டது. சூப்பிரண்டு மேடம் புரூஃப் பார்க்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார். தெரியாது என்று சொல்ல அதுதான் சமயம். நான் "சரிங்க மேடம்" என்றேன்.

சென்னையிலிருந்து வந்த மொழிபெயர்ப்பை அச்சகத்துக்கு அனுப்பினோம். அச்சக அண்ணாச்சிக்கும் தெலுங்கு தெரியாது, என்னை நம்பினார். புரூஃபில் மேலே பெரிய கொசுப் படம், கீழே வரிசையாக ஜாங்கிரி பிழிந்த மாதிரி எழுத்து. ஒன்றுமே திருத்தாவிட்டால் சந்தேகம் வருமே என்று ஒரு கமாவைச் சிவப்பு மையில் வட்டமிட்டு, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். (மொழிபெயர்ப்பைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டிருந்தாலே போதும். அந்த யோசனை எனக்கு இப்போதுதான் வருகிறது.)

தெலுங்கு பேசும் ஊர் ஒன்றின் பள்ளிக்கூடத்தில் கூட்டம். துண்டறிக்கை வாங்கிய எல்லாரும் கொசுவைப் பார்த்துவிட்டு மடித்து வைத்துக்கொண்டார்கள். ஏன் வாசிக்கவில்லை என்று மேடம் கேட்டார். முன்வரிசையிலிருந்த ரங்கசாமி என்ற பெரியவர் சொன்னார்:

"தெலுங்கு வாயிலதான் இருக்கு மேடம். எழுத்து தெரியாது. நாங்க படிச்சது தமிழ்லல்லா."

மேடம் என் பக்கம் திரும்பினார். "நீ வாசிச்சுக் காட்டும்மா."

தாளைப் பார்த்தபடி "அந்தரிக்கி நமஸ்காரம்" என்று கணீரென்று தொடங்கினேன். அதற்குமேல் தெரிந்த தெலுங்கெல்லாம் கதாநாயகன் வில்லனை மிரட்டுவதுதான். அதையே கொசுவைப் பார்த்துச் சொன்னேன். கூட்டம் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கியது.

ரங்கசாமியின் மருமகள் நெல்லூர்ப் பக்கத்துப் பெண். அவள் ஒரு தாளை வாங்கி வாசித்தாள். "அக்கா, இது கல்யாணப் பத்திரிகை" என்றாள் மெதுவாக. "மதியம் சாப்பாடுன்னு போட்டிருக்கு."

வேறு யாரோ அச்சடிக்கக் கொடுத்திருந்த பத்திரிகையின் வாசகத்தை அச்சகத்தில் எங்கள் கொசுவுக்குக் கீழே ஒட்டிவிட்டார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. அந்த நேரத்தில் தெரிந்ததெல்லாம் மேடத்தின் பார்வை மட்டும்தான். எனக்குத் தெலுங்கு தெரியாது என்று ஊர் நடுவில் ஒப்புக்கொண்டேன். வேலை போய்விடும் என்றே நினைத்தேன். மேடம் கொடுத்த தண்டனை வேறு: அந்த மருமகள் தெலுங்கில் சொல்லச் சொல்ல, நான் தமிழ் எழுத்தில் எழுதி வரவேண்டும். மூன்று நாள் எழுதினேன். அதை அண்ணாச்சி காசு வாங்காமல் அச்சடித்துக் கொடுத்தார். இந்த முறை ஊரே வாசித்தது.

அடுத்த ஆண்டு என் கல்யாணத்துக்கு அந்த மருமகளுக்கு மட்டும் பத்திரிகை அனுப்பினேன். மில்லர்புரம் மண்டப வாசலில் இரண்டு வேன் வந்து நின்றது.

"எங்களுக்குப் போன வருசமே பத்திரிகை வச்சிட்டியல்லா தாயி" என்று ரங்கசாமி பெரியவர் முதல் பந்தியில் போய் உட்கார்ந்தார். மாப்பிள்ளை வீட்டார் மூன்றாம் பந்திவரை காத்திருந்தார்கள்.

வீட்டில் எந்த விசேஷத்துக்கு ஆள் எண்ணினாலும் என் கணவர் இன்றும் தவறாமல் கேட்கிறார்:

"கொசுக்காரங்களையும் சேத்தாச்சா?"