புராதனக் கரி

எல்ஸன்தாலில் வசிப்பவர்களில் பாதிப் பேருக்கு ஷ்மிட் என்று பெயர். ஷ்மிட் என்றால் கொல்லர். எங்கள் முப்பாட்டன்மாரில் எவனோ ஒருவன் வியர்வை சொட்ட இரும்படித்தான். அந்தப் புண்ணியத்தில் நாங்கள் எல்லோரும் அலுவலகங்களில் உட்கார்ந்து முத்திரை குத்துகிறோம். ஜெர்மனி முழுக்க இதே கதைதான்.

ஷ்மிட்டிலும் உட்பிரிவுகள் உண்டு. அந்தக் காலத்துப் பாதிரிமார்கள் காதில் விழுந்ததை விழுந்தபடி எழுதிவைத்துப் போனதால், ஒரே உச்சரிப்புள்ள இந்தப் பெயர் ஒரு சாராருக்கு ஒற்றை எழுத்தில் முடிகிறது, மற்றொரு சாராருக்கு இரட்டை எழுத்து. ஒற்றை எழுத்துக்காரர் வீட்டில் இரட்டை எழுத்துக்காரர் பெண் எடுப்பதில்லை. எடுத்தாலும் கல்யாணத்தில் ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை.

இந்நிலையில்தான் ஊரில் வேர் தேடும் மோகம் பிடித்தது. குழாயில் எச்சில் துப்பி அனுப்பினால் வம்சாவளி வரும் காலம் இது. நான்கைந்து வீடுகளில் வாசலில் சுத்தியல் சின்னம் முளைத்தது. ஜெர்மானியர் ஏழு பேர் ஓரிடத்தில் கூடினால் சங்கம் பிறக்காமல் இருக்காது. 'அகில உலகக் கொல்லர் பெயர்ச் சங்கம்' பிறந்தது. எபெர்ஹார்ட் ஷ்மிட் தலைவர், அடியேன் செயலாளர். பழைய கொல்லுப்பட்டறையை அருங்காட்சியகமாக்குவது என்று ஏகமனதாகத் தீர்மானித்தோம்.

அதற்கு ஒரே ஒரு தடை இருந்தது. பட்டறைக்குள் ஒரு கொல்லர் வேலை செய்துகொண்டிருந்தார்.

அவர் பெயர் அல்முட் ஷ்னைடர். நகராட்சியிடம் வாடகைக்கு எடுத்துப் பன்னிரண்டு வருடமாகக் குதிரைக்கு லாடம், கலப்பைக்குக் கொழு, எங்கள் வீட்டுக் கதவுகளுக்குக் கீல் என்று அடித்துக்கொண்டிருந்தார். அந்த உலையை விட்டால் அவருக்குப் பிழைப்பு இல்லை. ஷ்னைடர் என்றால் தையற்காரர்.

புராதனச் சின்ன அலுவலகத்திலிருந்து டாக்டர் ஹென்னிங் வந்தார். கையுறை மாட்டிக்கொண்டு சுவரைத் தடவினார். முகம் வெளுத்துவிட்டது.

"அம்மா, இங்கே தீ மூட்டுறீங்களா?"

"கொல்லுப்பட்டறை சார். பின்னே ஐஸ்கிரீமா போடுவாங்க?"

"இந்தச் சுவர்ல இருக்கிறது நானூறு வருஷத்துக் கரிம்மா! பாதுகாக்கப்பட்ட கரி! அது மேல உங்க கரி படியுது."

"கரியில என்ன சார் உங்க கரி, எங்க கரி?"

"அந்தக் காலத்துக் கொல்லருங்களோடது வரலாறு. உங்களோடது அழுக்கு."

"அவங்களும் என்னை மாதிரி லாடம் அடிச்சதாலதான் கரி பிடிச்சுது!"

"ஆனா அவங்க அனுமதி கேட்டு எங்களுக்கு விண்ணப்பம் போடலையே. அப்போ எங்க ஆபீஸே கிடையாது. நீங்க இருக்கும்போது ஆபீஸ் இருக்கே! அதான் குத்தம்."

எங்கள் தலைவர் கனிவோடு குறுக்கிட்டார். "ஷ்னைடரம்மா, கோவிச்சுக்காதீங்க. வம்சப்படி உங்களுக்குத் தையல் மிஷின்தான் பொருத்தம். ரத்தத்துல ஊறினது."

"அப்படிப் பார்த்தா இந்தச் சம்மட்டியை நீங்க தூக்குங்களேன், ரத்தத்துல ஊறினவரே!"

தலைவர் தூக்கிப் பார்த்தார். அன்று முதல் இடுப்பில் பட்டை கட்டியிருக்கிறார்.

அல்முட் உலையை அணைத்துவிட்டு, பட்டடையை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் கிராமத்துக்குப் போனார். போகும்போது அவர் அழுததை நான் பார்த்தேன். நிகழ்ச்சிக் குறிப்பில் 'சுமுகமாக ஒப்படைக்கப்பட்டது' என்று எழுதினேன்.

திறப்பு விழாவுக்குப் போலந்திலிருந்து கொவால்ஸ்கிகள் வந்தார்கள், ஹங்கேரியிலிருந்து கோவாச்சுகள், அமெரிக்காவிலிருந்து ஸ்மித்துகள். எல்லாப் பெயருக்கும் கொல்லர் என்றே பொருள், எல்லோருக்கும் கை பஞ்சு மாதிரி. விருந்தினர் உள்ளே நுழைந்ததும் தலைவர் கதவைச் சாத்தினார். வெளியே நின்ற வாத்தியக் குழு முழங்கும்போது கம்பீரமாகத் திறப்பதாகத் திட்டம். வாத்தியம் முழங்கியது. விலைப்பட்டியல் பார்த்து வரவழைத்த 'பழங்காலப் பாணி' தாழ்ப்பாள் பாதியில் முறிந்து உள்ளே சிக்கிக்கொண்டது.

ஜன்னல்களில் கம்பி. கம்பி புராதனமானது, தொடக்கூடாது. பீர் உள்ளே இருந்தது, கழிப்பறை வெளியே இருந்தது.

முதல் ஒரு மணி நேரம் ஒற்றை எழுத்தா இரட்டை எழுத்தா மூத்தது என்று விவாதித்தோம். அடுத்த ஒரு மணி நேரம் கால் மாற்றிக் கால் நின்றோம். கடைசியில் தலைவரே கெஞ்சினார்: "யாராவது அந்தத் தையற்காரியைக் கூப்பிடுங்கப்பா!"

அல்முட் சம்மட்டியோடு வந்து, எங்கள் தொப்பைகள் எதுவும் நுழையாத கரி கொட்டும் துவாரத்தின் வழியாக உள்ளே இறங்கினார். தாழ்ப்பாளைப் பார்த்தார்.

"கம்பியைக் காய்ச்சிக் கொக்கி வளைச்சாத்தான் இழுக்க முடியும். தீ மூட்டணும்."

எல்லோரும் டாக்டர் ஹென்னிங்கைப் பார்த்தோம்.

"விண்ணப்பம் போட்டா ஆறு வாரத்துல..." என்று தொடங்கியவர், தாம் குடித்த பீர் ஆறு வாரம் காத்திருக்காது என்பதை உணர்ந்து கால்களைப் பின்னிக்கொண்டார். "நான் கண்ணை மூடிக்கிறேன். எவ்வளவு நேரம் ஆகும்?"

"நீங்க தள்ளி நின்னா சீக்கிரம் ஆகும்."

உலை எரிந்தது, காட்சிக்கு வைத்திருந்த பட்டடையின் மேல் சம்மட்டி விழுந்தது, கதவு திறந்தது. பல நாட்டுக் கொல்லர்கள் ஒருவரையொருவர் மிதித்துக்கொண்டு கழிப்பறைக்கு ஓடினார்கள்.

நன்றி மறந்தவர்கள் அல்ல நாங்கள். அவசரக் கூட்டம் போட்டு, அல்முட்டை மீண்டும் பட்டறைக்கே அழைப்பதென்று தீர்மானம் கொண்டுவந்தோம். டாக்டர் ஹென்னிங் எழுந்தார்.

"இயலாது. சங்கத்தின் வரலாற்றுச் சிறப்புமிக்க அந்நாளில் படிந்த கரியும் இப்போது புராதனம் ஆகிவிட்டது. அதன் மேல் யாரும் கரி படிய விடக்கூடாது. அந்த அம்மாளும்தான்."

நியாயம்தானே? கை தட்டினோம். அல்முட்டின் கரியைச் சுற்றிச் சிவப்புக் கயிறு கட்டியிருக்கிறது.

இன்னொரு கயிறு என் வீட்டில் இருக்கிறது. கீல் விட்டுப்போன வாசற்கதவை அதில்தான் கட்டிவைத்திருக்கிறேன். ஆற்றைத் தாண்டிப் போய்க் கேட்டதற்கு அல்முட், "விண்ணப்பம் போடுங்க, ஆறு வாரம் ஆகும்" என்றார். எங்கள் தெருவில் எல்லா வீட்டுக் கதவும் கயிற்றில்தான் தொங்குகிறது. அதன் மேல் சுத்தியல் சின்னத்தோடு பளபளக்கும் பலகை: கொல்லர் பரம்பரை.