மவுஸைத் தொடாத மனிதர்

கம்ப்யூட்டர் வந்த பிறகு மனிதர்களில் புதிதாக ஓர் இனம் உண்டாகியிருக்கிறது: ஷார்ட்கட் நிபுணர். நீங்கள் உங்கள் பிழைப்பைப் பார்த்துக்கொண்டு, பாவம், மவுஸின் மேல் கை வைக்கிறீர்கள். முதுகுக்குப் பின்னால் "ச்சு" என்று ஒரு சத்தம் கேட்கிறதா? திரும்பிப் பார்க்க வேண்டாம். அவர்தான்.

அவர் விசைப்பலகையைக் குனிந்து பார்க்கமாட்டார். அது கற்றுக்குட்டிகளின் வேலை. சுவர்க் காலண்டரைப் பார்த்தபடியே கன்ட்ரோல் சி, கன்ட்ரோல் வி என்று தட்டுவார், மேலதிகாரியின் செருப்புச் சத்தம் கேட்டால் ஆல்ட் டேப் அடித்துச் சீட்டாட்டத்தை மறைத்துச் சுற்றறிக்கையை முன்னால் கொண்டுவருவார், வேலையே இல்லாவிட்டால் எஃப் ஃபைவை ஆறேழு தரம் அழுத்தி, "சிஸ்டம் ஃப்ரெஷ் ஆவுது" என்பார். எதற்காக அது ஃப்ரெஷ் ஆக வேண்டும்? இதுவரை யாரும் கேட்டதில்லை. ஒரு ஷார்ட்கட்டால் அவர் மிச்சம் பிடிப்பது இரண்டு நொடி. அதன் பெருமையை டீக்கடையில் விளக்க அவருக்கு நாற்பது நிமிடம் ஆகும்.

கருவடிக்குப்பத்தில் எங்கள் தெருவில் இருக்கும் பலராமன் இந்த இனத்தில் முதல் தரம். ஏதோ ஒரு சங்க அலுவலகத்தில் தலைமை எழுத்தர். 2006இல் ஒரு நாள் காலை, ஜாக்லின் டீச்சர் வீட்டில் பேப்பர் இரவல் வாங்க அவரும் நானும் போயிருந்தோம்.

டீச்சர் பிரெஞ்சு கற்பித்து ஓய்வு பெற்றவர். மகள் லோராவுக்குத் தலைப்பிரசவம். பெண் தாய்வீட்டுக்கு வருவதுதான் வழக்கம். பாரீஸிலிருந்து அவளால் வர முடியவில்லை, அதனால் தாய் போக வேண்டும். பதினோரு மணிக்கு ஊரிலேயே இருக்கும் பிரெஞ்சுத் துணைத்தூதரகத்தில் விசா நேர்காணல். ஏன் போகிறார் என்று விளக்கும் கடிதம் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். மருமகன் ஆலேன் அங்கிருந்து கொண்டுவந்து விட்டுப்போன கம்ப்யூட்டரில், விடியற்காலையிலிருந்து இரண்டு விரலால் இரண்டு பக்கம் அடித்து முடித்திருந்தார். கடைசி வரி மட்டும் கைதவறி அழிந்துபோயிருந்தது. மணி பத்தேகால்.

"ஒரு வரிதான சார், நானே திரும்ப அடிச்சிக்கிறேன்," என்று டீச்சர் மவுஸை நகர்த்தினார்.

"ச்சு. அந்த எலிய விடுங்க டீச்சர். அழிஞ்சதக் கொண்டாரத்தான் கன்ட்ரோல் இஸட் இருக்குது. கொஞ்சம் தள்ளுங்க."

"சார், இது பிரான்சு கீபோர்டு. எழுத்தெல்லாம் எடம் மாறி இருக்கும்."

"எந்த ஊரு கீபோர்டா இருந்தா என்னா? எல்லாம் வெரலுக்குத் தெரியும்."

விரலுக்குத் தெரிந்தது நம்மூர் விசைப்பலகை. அதில் இஸட் இருக்கும் மூலையில் பிரெஞ்சுக்காரர்கள் டபிள்யூவை வைத்திருக்கிறார்கள். கன்ட்ரோலோடு டபிள்யூவை அழுத்தினால் கடிதம் மூடிக்கொள்ளும். ஆனாலும் கம்ப்யூட்டர் மனிதரைவிட மரியாதை தெரிந்தது; சேமிக்கட்டுமா என்று ஒரு பெட்டியைக் காட்டிக் கேட்டது. பெட்டியைப் படித்துக்கொண்டிருப்பவரா நம் நிபுணர்? எது வந்து எதைக் கேட்டாலும் 'வேண்டாம்' என்பதற்குரிய எழுத்தைத் தட்டிவிடுவது அவர் பழக்கம். பாழாய்ப்போன அந்த எழுத்து மட்டும் இரண்டு விசைப்பலகையிலும் ஒரே இடத்தில் இருந்தது. அவர் இன்னமும் காலண்டரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

டீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு இரண்டு பக்கமும் போய் வெறுமையான திரையைப் பார்த்தார். பிறகு அவர் ஒரு வெள்ளைத்தாளை எடுத்துப் பேனாவால் எழுத ஆரம்பித்தார். இரண்டாம் பக்கத்தின் பாதியிலேயே மணி பதினொன்று. அடுத்த தேதி மூன்று வாரம் கழித்துத்தான் கிடைத்தது. பேத்தி இரண்டாவது வாரமே பிறந்துவிட்டாள்.

பலராமன் வருந்தினாரா? ரொம்பவே வருந்தினார். வீடு வரைக்கும் என்னிடம் சொல்லிக்கொண்டே வந்தார்:

"நடுநடுவுல கன்ட்ரோல் எஸ் அடிச்சிருக்கணும் சார். டீச்சரா இருந்தவங்க, இதுகூடத் தெரியல பாருங்க."

போகட்டும், உங்களிடம் ஒன்று கேட்கிறேன். கடிதம் போன இடத்தைப் படித்தபோது உங்களுக்கு முதலில் தோன்றியது டீச்சரின் முகமா, 'அப்பப்போ சேவ் பண்ணியிருக்கலாமே' என்பதா? இரண்டாவதுதான் என்றால், இந்தக் கட்டுரையில் பலராமன் என்ற பெயரை மட்டும் விட்டுவிட்டு, உங்கள் வீட்டில் ஒருமுறை சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். யாரைப் பற்றியது என்று அவர்களே சொல்லிவிடுவார்கள்.