திருப்பிக் கொடுத்த மூன்றாம் இடம்

பேரன்பும் பெருமதிப்பும் நிறைந்த மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் தங்கையும் உங்கள் மருமகளான என் மகளும் சுகம். அங்கே நீங்களும் வீட்டிலுள்ளோரும், உங்கள் டிரைவிங் ஸ்கூலும், அதன் மூன்று கார்களும், அவற்றில் தினமும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்காரும் தாங்களும் சுகமாக இருக்க வேண்டும். இந்தக் கடிதத்தைச் சமையலறை மேடையில் வைத்து நின்றுகொண்டே எழுதுகிறேன். எழுத்து கோணினால் பொறுத்துக்கொள்ளுங்கள். உட்கார முடியாத காரணத்தை உரிய இடத்தில் சொல்கிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் உங்கள் வீட்டு வரவேற்பறையில், நாலு பேருக்கு நடுவில், நீங்கள் ஒரு வார்த்தை சொன்னீர்கள். "மாப்ள, கார் ரேஸ்ங்கிறது நாலு சக்கர ரவுடித்தனம். பொண்ணை அங்க அனுப்பினீங்கன்னா மட்டு மரியாதை எல்லாத்தையும் கேட்லயே கழட்டி வச்சிட்டுத்தான் உள்ள போகும்." இதைச் சொல்லிவிட்டு என் பங்குத் தேநீரையும் நீங்களே எடுத்துக் குடித்தீர்கள். அன்று நான் பதில் சொல்லவில்லை. முப்பத்தோரு வருடம் நகரப் பேருந்து ஓட்டியவனுக்கு வாயில் வார்த்தைக்குப் பஞ்சமா என்ன? பெண் கொடுத்த வீடு என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். இப்போது சொல்கிறேன். உலகத்திலேயே மட்டு மரியாதை தெரிந்த கூட்டம் ஒன்று உண்டென்றால் அது பந்தயக்காரர்கள்தான். சென்ற ஞாயிற்றுக்கிழமை என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன்.

நடந்ததை முதலிலிருந்து சொன்னால்தான் உங்களுக்கு விளங்கும். போன வியாழக்கிழமை உங்கள் மருமகள் சாப்பிட்ட தட்டைக் கழுவிக்கொண்டே, மழை வரும் போலிருக்கிறது என்று சொல்வதைப்போல ஒரு செய்தி சொன்னாள். "இந்தப் பந்தயத்துல முதல் மூணு பேருக்குள்ள வரணுமாம்பா. வரலன்னா அடுத்த வருஷம் என் வண்டியில வேற ஆளாம்." அவளுடைய அணிக்கு ஒரு மேலாளர் அம்மா இருக்கிறார். அவர் போட்ட நிபந்தனை இது. ஏன் என்று கேட்டால், இவள் ரொம்ப நல்ல பெண்ணாம், யாராவது பக்கத்தில் மூக்கை நுழைத்தால் வழிவிட்டுவிடுகிறாளாம். ஒன்பது வருட உழைப்பு, மைத்துனரே. பதினைந்து வயதில் விளையாட்டு வண்டி மாதிரி இருந்த ஒன்றில் உட்காரத் தொடங்கியவள், பெரிய வண்டிக்கு வந்து முழுசாக ஒரு பருவம்தான் ஆகிறது. எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. "கூடப் போயிட்டு வாங்க. ஆனா வாயை மட்டும் வீட்டுலயே வச்சிட்டுப் போங்க" என்று உங்கள் தங்கை அனுப்பிவைத்தாள்.

காலையில் பந்தயத் திடல் வாசலில் நுழையும்போதே முதல் ஆச்சரியம். வாசல் ஒரு வண்டிக்குத்தான் அகலம். இந்தப் பக்கம் எங்கள் பழைய கார், உங்கள் மருமகள் ஓட்டுகிறாள். அந்தப் பக்கம் ஒரு வேன், அதை ஓட்டியவர் போன பந்தயத்தில் இவளை இடித்து மணலில் தள்ளிய சிவப்புப் பந்தய வண்டிக்காரர். அவர் கையைக் காட்டி, நீங்கள் போங்கள் என்றார். இவள் தலையை ஆட்டி, நீங்கள் போங்கள் என்றாள். அவர் நெஞ்சில் கை வைத்து, முடியவே முடியாது என்றார். இவள் வண்டியை ஒரு முழம் பின்னால் எடுத்தாள், அவரும் ஒரு முழம் பின்னால் எடுத்தார். திடலுக்குள் ஒரு விரற்கடை இடத்துக்காக உயிரை விடுகிறவர்கள், வாசலில் மூன்று நிமிடம் உபசாரம் பண்ணிக்கொண்டு நிற்கிறார்கள். பின்னால் நின்ற வேடிக்கை பார்க்க வந்த கூட்டம்தான் ஹாரனை அழுத்தி எங்கள் பரம்பரையையே விசாரித்தது. கடைசியில் காவலாளி வந்து, "ரெண்டு பேரும் இறங்கி நடந்து போங்க, வண்டியை நான் உள்ள கொண்டாறேன்" என்றார்.

வண்டிகள் நிற்கும் கொட்டகைக்குள் போனேன். தரையில் சாப்பிடலாம், அத்தனை சுத்தம். ஓரமாக நாலு டயரை அடுக்கி, மேலே கறுப்புக் கம்பளி போர்த்தி வைத்திருந்தார்கள். பெரியவருக்கு ஆசனம் போட்டு வைத்திருக்கிறார்களே, என்ன மரியாதை என்று உச்சி குளிர்ந்து போய் உட்கார்ந்தேன். உச்சி குளிர்ந்ததே தவிர மற்ற இடம் குளிரவில்லை. பந்தய டயர் சூடாக இருந்தால்தான் தரையைக் கவ்வுமாம், அதற்காக மின்சாரக் கம்பளி சுற்றி எண்பது டிகிரிக்குக் காய்ச்சி வைக்கிறார்களாம். இதை எனக்கு உட்கார்ந்த பிறகுதான் சொன்னார்கள். நான் போட்ட கூச்சலில் பக்கத்துக் கொட்டகைக்காரர்கள் எல்லாம் தீயணைப்புக் கருவியோடு ஓடிவந்தார்கள். தலைமை மெக்கானிக் வந்து முதலில் தொட்டுப் பார்த்தது டயரைத்தான். அதற்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்துகொண்டு, பிறகு என்னிடம், "தப்பு எங்களுதுதான் சார், ஒரு போர்டு வச்சிருக்கணும்" என்றார். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. நம் டெப்போவாக இருந்தால் நான் ஓய்வு பெறும் வரைக்கும் 'சுட்ட டிரைவர்' என்றே கூப்பிட்டிருப்பார்கள்.

அந்த எரிச்சலோடு எரிச்சலாக, சிவப்பு வண்டிக்காரரை நாலு கேள்வி கேட்டுவிடுவது என்று கிளம்பினேன். என் பெண்ணை மணலில் தள்ளியவன் வாசலில் கை காட்டினால் சரியாகிவிடுமா? டெப்போவில் முப்பத்தோரு வருடம் சேர்த்து வைத்த வசவில் தரமானதாகப் பொறுக்கி எடுத்துக்கொண்டு போனேன். வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தவர் என்னைக் கண்டதும் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்க சார்" என்றார்.

"உக்கார முடியாது" என்றேன்.

நான் உள்ளபடியே சொன்னேன். அவர் அதைக் கோபம் என்று எடுத்துக்கொண்டு முகம் வெளுத்துப் போனார். "புரியுது சார். தப்பு என் மேலதான். பிரேக்கை லேட்டா புடிச்சிட்டேன். அன்னைக்கே அவங்களுக்கு போன் பண்ணி மன்னிப்புக் கேட்டேன். உங்ககிட்டயும் கேட்டிருக்கணும்" என்று கையில் பாதி உரித்த பழத்தோடு நின்றார். நான் நிற்கிறேன் என்பதற்காக அவரும் நின்றார், அவர் நிற்கிறார் என்பதற்காக அவருடைய ஆட்களும் நின்றார்கள். சண்டைக்குப் போனவனுக்கு நாற்காலி போட்டால் அவன் என்னதான் செய்வான்? கொண்டுபோன வசவை அப்படியே மூட்டை கட்டிக்கொண்டு, "பாத்து ஓட்டுங்க தம்பி" என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். வரும்போது கையில் ஒரு வாழைப்பழமும் இருந்தது.

பந்தயம் தொடங்கியது. இருபது சுற்று. உங்கள் மருமகள் ஏழாவதாகக் கிளம்பினாள். எனக்கும் காதில் மாட்டிக்கொள்ள ஒரு கருவி கொடுத்தார்கள், அவளும் மேலாளர் அம்மாவும் பேசுவது அதில் கேட்டது. ஒரு சுற்று பின்தங்கிப்போன வண்டிகளுக்கு நீலக் கொடி காட்டினால், அவர்கள் முகம் சுளிக்காமல் ஒதுங்கி வழிவிடுகிறார்கள். வளைவில் இரண்டு பேர் தோளோடு தோள் போனால், ஒருவருக்கு மற்றவர் ஒரு வண்டி அகலம் விட்டே தீரவேண்டும். நம் கடைத்தெருவில் ஒரு சைக்கிளுக்கு இந்த மரியாதை கிடைக்குமா, சொல்லுங்கள். பத்தாவது சுற்றில் ஐந்தாவதாக வந்தாள், பதினாலில் நாலாவதாக வந்தாள். மூன்றாவதாகப் போய்க்கொண்டிருந்தவர் யார்? நம் வாழைப்பழக்காரர்தான்.

பதினெட்டாவது சுற்று. கடைசிக்கு முந்தின வளைவில் இரண்டு பேரும் ஒட்டிக்கொண்டு திரும்பினார்கள். ஒரே புழுதி. புழுதி அடங்கினால் நம் பெண் முன்னால் போகிறாள்! மூன்றாவது இடம்! நான் குதித்தேன், குதித்த பிறகு அந்த இடம் வலித்தது, வலித்தாலும் இன்னொரு முறை குதித்தேன். அப்போது காதில் அவள் குரல் கேட்டது. "நான் பாதை ஓரத்து வெள்ளைக் கோட்டுக்கு வெளிய போய்த்தான் முந்தினேன். அது செல்லாது. இடத்தைத் திருப்பிக் கொடுக்கிறேன்."

மேலாளர் அம்மா பதறிப்போனார். "நடுவர்கள் யாரும் ஒண்ணும் சொல்லல. ரெண்டு சுத்துதான் பாக்கி. பேசாம ஓட்டு."

"இல்ல. கொடுத்துடுறேன்."

கொடுத்தேவிட்டாள், மைத்துனரே! கடைசி வளைவு முடிந்து நேர்பாதை தொடங்கும் இடத்தில் ஓரமாக ஒதுங்கி, வாங்க, போங்க என்று கும்பிடாத குறையாக அவரை முன்னால் விட்டாள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஒன்பது வருடம் கண்ணெதிரே நாலாவது இடத்துக்குப் போகிறது. மேலாளர் அம்மா காதுக் கருவியைக் கழற்றிவிட்டு, வெள்ளைக் கோட்டை நான்தான் போட்டேன் என்பதுபோல என்னைப் பார்த்தார். எனக்கு எங்கிருந்துதான் தைரியம் வந்ததோ, "அது நான் வளர்த்த வளர்ப்பும்மா. அடுத்தவங்க பொருளைத் தொடாது" என்றேன். வண்டி போனால் போகிறது, என் பெண் இப்படி இருக்கிறாளே என்று நெஞ்சு விம்மியது. பொய் சொல்லவில்லை.

ஆனால் தருமம் தலை காத்தது. அந்த நேர்பாதை முடிகிற வளைவிலேயே அவள் மறுபடி அவர் பக்கத்தில் போய் நின்றாள். அவர் நினைத்திருந்தால் கதவைச் சாத்துகிற மாதிரி சாத்தியிருக்கலாம். சாத்தவில்லை. சரியாக ஒரு வண்டி அகலம் விட்டார், கூடவும் இல்லை, குறையவும் இல்லை. நீ விட்டுக்கொடுத்தாய் அல்லவா, இந்தா நானும் விடுகிறேன் என்று அவர் மனசு சொல்லியிருக்க வேண்டும். அவள் உள்ளே புகுந்து முந்தினாள், கடைசி வரை விடவில்லை, மூன்றாவதாக வந்தாள். பிறகு அவரே வந்து அவளுக்குக் கைகொடுத்தார். மேலாளர் அம்மா, "அடுத்த வருஷமும் வண்டி உன்னோடதுதான்" என்றார். என் பக்கம் திரும்பி, "நல்லா வளர்த்திருக்கீங்க சார்" என்று வேறு சொன்னார். கோப்பையோடு மேடையில் நின்றவளை அண்ணாந்து பார்த்து, அத்தனை பேருக்கு நடுவில் நான் அழுதேன். எனக்கு வெட்கமாக இல்லை.

ஆகவே தாங்கள் பெரிய மனது பண்ணி அன்று சொன்ன வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொண்டு, ஒரு நாள் குடும்பத்தோடு இங்கே வந்துபோக வேண்டும். உங்கள் தங்கை வாசலைப் பார்த்துப் பார்த்து இரண்டு வருடமாகிறது. மேடையில் எடுத்த போட்டோ ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன். அதைப் பெரிதாக்கி உங்கள் டிரைவிங் ஸ்கூல் சுவரில் மாட்டி, 'விட்டுக் கொடுத்தவர் கெட்டுப் போவதில்லை' என்று கீழே கொட்டை எழுத்தில் எழுதி வையுங்கள். கற்றுக்கொள்ள வருகிறவர்கள் பார்த்துத் திருந்தட்டும்.

பெரியவர்களுக்கு என் வணக்கமும், சின்னவர்களுக்கு என் ஆசியும், உங்கள் மூன்று கார்களுக்கும் நீண்ட ஆயுளும் உண்டாகட்டும்.

இப்படிக்கு,
உட்காராமல் எழுதிய,
உங்கள் தங்கையின் கணவன்.

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் உங்கள் மருமகள் இதை வாங்கிப் படித்துவிட்டு, சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "ஐயோ அப்பா, மரியாதையாவது மண்ணாங்கட்டியாவது! நடுவர்கள் எப்படியும் பாத்திருப்பாங்க. தண்டனையா என் நேரத்துல அஞ்சு நொடி கூட்டினா நான் ஆறாவது. அதான் அவங்க கேக்கறதுக்கு முன்னாடி நானே கொடுத்தேன். அதுவும் எங்க கொடுத்தேன் பாத்தீங்களா? நேர்பாதை ஆரம்பத்துல. முன்னாடி போற வண்டி காத்தைக் கிழிச்சுக் கொடுக்கும், நான் பின்னாடியே ஒட்டிக்கிட்டுப் போனா கடைசியில தானா வேகம் கூடும், முந்திடலாம்" என்றாள். அப்படியென்றால் அவர் இடம் விட்டது? "விடலன்னா தண்டனை அவருக்கு." சிவப்பு வண்டிக்காரருக்கே பந்தயம் முடிந்து கொடி விழுந்த பிறகுதான் விஷயம் புரிந்ததாம். ஆகவே போட்டோவை மாட்டுங்கள், கீழே வாசகம் வேண்டாம். இந்தத் தந்திரத்தை யாரம்மா உனக்குச் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டேன். "நீங்கதான்" என்றாள். பத்து வயதில் விடுமுறை வந்தால் என் பேருந்தில் முன் இருக்கையில் உட்கார்ந்து நாள் முழுக்கச் சுற்றுவாள். சந்தை நிறுத்தம் வருவதற்குச் சற்று முன்னால், பின்னால் வரும் பேருந்துக்கு நான் கைகாட்டி வழிவிடுவேன். எவ்வளவு தங்கமான டிரைவர் என்று பயணிகள் சொல்வார்கள். சந்தைக் கூட்டம் மொத்தமும் மூட்டை முடிச்சோடு அந்தப் பேருந்தில் அடைந்துகொள்ளும், நான் காலி வண்டியோடு காற்று வாங்கிக்கொண்டு அதைத் தாண்டிப் போய்விடுவேன். அந்த டிரைவர் இன்றைக்கும் என்னைத் தெருவில் கண்டால் நின்று வணக்கம் சொல்கிறார். குழந்தை ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்துக்கொண்டு வருகிறது என்றுதான் நான் நினைத்திருந்தேன், மைத்துனரே. அவள் பார்த்துக்கொண்டு வந்தது என்னைத்தான்.