முப்பது நாளில் தெளியும் புத்தி

மனித மனத்தின் ஆழத்தை அளக்க வல்லவர்கள் உலகில் இருவரே: கடவுளும், எங்கள் கைத்துப்பாக்கி உரிமப் பிரிவும். கடவுளுக்குக் காலக்கெடு கிடையாது. எங்களுக்கு முப்பது நாள்.

முறை எளிது. விண்ணப்பம் வந்ததும் மனநல மருத்துவமனைக்கு எழுதுவோம்: 'இவர் தங்களிடம் சிகிச்சை பெற்றதுண்டா?' முப்பது நாளில் பதில் வராவிட்டால் அவர் 'தெளிந்த புத்தியுடையவர்'. அங்கே பதிவேட்டைப் பார்த்துவந்த எழுத்தர் ஓய்வு பெற்று இரண்டு வருடமாகிறது; அவர் நாற்காலி இன்னும் காலி. அன்றிலிருந்து எங்கள் ஊரில் ஒருவருக்கும் புத்தி பிசகியதில்லை என்பதைத் தலைமை எழுத்தர் என்ற முறையில் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன்.

போன மாதம் ஒரு கட்டட ஒப்பந்தக்காரர் விண்ணப்பித்தார். நாற்காலி கிரீச்சிட்டதென்று அதை உதைத்து உடைத்தார். முகவரியை இரண்டாம் முறை கேட்ட தட்டச்சரின் சட்டையைப் பிடித்தார். 'சுறுசுறுப்பானவர்' என்று குறித்துக்கொண்டேன்.

இருபத்தொன்பதாம் நாள் அவர் மனைவி வந்தார். கையில் மருத்துவமனைக் கோப்பின் நகல்.

"சார், மூணு வருஷம் முன்னாடி அவர அங்க சேர்த்திருந்தோம். இப்ப மாத்திரைய நிறுத்திட்டாரு. துப்பாக்கி மட்டும் குடுத்துடாதீங்க."

"இது அங்கேருந்து தபால்ல வரணும்மா. கையில கொண்டுவந்தா ஏத்துக்க மாட்டோம்."

"அனுப்ப அங்க ஆளே இல்லையே சார்."

"அது அவங்க துறை. பயப்படாதீங்க, தற்காப்புக்குன்னுதான் கேட்டிருக்காரு."

"யார்கிட்டேருந்து?"

கோப்பைப் புரட்டினேன். பதின்மூன்றாம் கட்டத்தில் முத்துமுத்தான கையெழுத்தில் 'மனைவி' என்றிருந்தது. கட்டத்தைக் காலியாக விடவில்லை. ஆகவே குறை சொல்ல ஒன்றுமில்லை.

அந்த அம்மாள் நகலை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். என் டீ டம்ளருக்கு அது வசதியாக இருந்தது.

முப்பதாம் நாள் அதிகாரி உரிமத்தில் கையெழுத்திட்டார்.

"அந்த ஆள இங்க கூப்பிடாதீங்க. ஏற்கனவே ஒரு நாற்காலி போச்சு. வீட்டுக்கே தபால்ல அனுப்பிடுங்க."

ஊழியர் நலனில் அவருக்கு அவ்வளவு அக்கறை.

இரண்டு நாள் கழித்து அம்மாள் பிரிக்காத உறையோடு வந்து நின்றார்.

"அவர் வேலைக்குப் போயிருந்தப்ப தபால்காரர் குடுத்தாரு. திருப்பி வாங்கிக்குங்க."

"கையில கொண்டுவந்தா..."

"ஏத்துக்க மாட்டீங்க, தெரியும். அதான் அவரையே வரச் சொல்லிட்டேன். ஆபீஸ்ல உரிமத்த தர மாட்டேங்கிறாங்கன்னு சொன்னேன். கீழ வண்டிய நிறுத்திட்டிருக்காரு."

படிக்கட்டில் தடதடவென்று செருப்புச் சத்தம். அதிகாரி தம் அறைக்குள் தாழ் போட்டுக்கொண்டார்.

"யோவ், அந்த நகல் எங்கய்யா?" என்று உள்ளிருந்து கத்தினார்.

டம்ளரைத் தள்ளிவிட்டு, நகலைக் கதவிடுக்கில் நுழைத்தேன். அதே வேகத்தில் திரும்பி வந்தது, ஓரத்தில் அவர் உத்தரவோடு: 'பதிவு சரிபார்க்கப்பட்டது. உரிமம் ரத்து. உடனே போலீஸுக்குப் போன் செய்யவும்.'

செய்தேன். மேசைக்கு அடியிலிருந்து.

"அது தபால்ல வரலையே சார்?" என்றார் அம்மாள், குனிந்து.

வரவில்லைதான். முப்பது நாள் தேடியும் கிடைக்காத ஆபத்து எங்களுக்கு இரண்டே நிமிடத்தில் புரிந்தது. காகிதம் அதே காகிதம். இந்த முறை ஒப்பந்தக்காரர் ஏறி வந்தது எங்கள் படிக்கட்டு.