பசை ஊற்றிய பூட்டு

அன்பும் அடக்கமும் நிறைந்த மச்சானுக்கு, உன் அத்தான் ஆசீர்வாதத்தோடு எழுதிக்கொள்வது. உள்ளே நான் நலம். வெளியே இருப்பவர்கள் நலமா என்று கதவைத் தட்டிக் கேட்டேன், நலம்தான் என்று உன் அக்கா சொல்கிறாள்.

நீ ஒப்படைச்ச காரியம் பழம்தான் மச்சான். "காலேஜ் வேண்டாம், பூட்டு சாவி வேலை பழகப் போறேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறா, நீங்கதான் அத்தான் புத்தி சொல்லணும்"னு பொண்ணை அனுப்பினியே, நான் அஞ்சாங்கிளாஸ் தாண்டாதவன், என்கிட்ட ஏது புத்தி, அதனால பந்தயம் கட்டினேன். "மருமகளே, நான் குளியலறைக்குள்ள போய்ப் பூட்டிக்கிறேன். சாவி இல்லாம திறந்துட்டா உங்கப்பன்கிட்ட உனக்காக நானே பேசுறேன், முடியலைன்னா வாயை மூடிக்கிட்டு காலேஜுக்குப் போ"ன்னேன். சரி மாமான்னா. எதுக்கும் இருக்கட்டும்னு, யாரும் பார்க்காதப்போ சாவி ஓட்டையில பசையை ஊத்திட்டு உள்ளே போய்க் கதவைப் பூட்டிக்கிட்டேன். அந்தப் பசை ஊத்தின இடத்துல நிக்காம உள்பக்கம் வரைக்கும் ஓடி வந்து இறுகிடுச்சு, குமிழைத் திருகினா உன் அக்கா பிடிவாதம் மாதிரி அசையவே மாட்டேங்குது.

ஆனா ஜெயிச்சது நாமதான். காலையில இருந்து கம்பியை விட்டுக் குடையுறா, ஒண்ணும் நடக்கல. "தோத்துட்டேன்னு சொல்லு மருமகளே, எனக்கொண்ணும் அவசரமில்ல"ன்னேன். "நீங்கதான் மாமா உள்ள இருக்கீங்க"ங்கறா. அப்படியே உன் ரத்தம். பக்கத்து வீட்டு வாத்தியார் வந்து, "விடாம மூச்சு விடுங்க"ன்னு யோசனை சொல்லிட்டுப் போனார். கதவுக்கு அடியில நுழையுறது பிஸ்கட் மட்டும்தான், அதையும் உன் அக்கா பாதியைக் கடிச்சுட்டுத்தான் தள்றா. வேற வேலை இல்லாததால மூணு தரம் குளிச்சாச்சு. பேப்பரும் பேனாவும் கேட்டேன். "உயிலா?"ன்னு உன் அக்கா ஆசையாக் கேட்டா.

ஆகவே மச்சான், பூட்டு வேலை அவளுக்கு ஆகாது. தைரியமா காலேஜுல சேர்த்துடு. நீ குடும்பத்தோட நீடூழி வாழணும், நான் இன்னைக்குள்ள வெளியே வரணும்.

இப்படிக்கு,
கதவுக்கு அந்தப் பக்கத்து அத்தான்

பின்குறிப்பு: மேலே உள்ளதை எல்லாம் அடிச்சுடு. தபால்ல போடச் சொல்லி இதைக் கதவுக்கு அடியில தள்ளினேன், எடுத்துப் படிச்சது உன் பொண்ணு. அப்புறம், "பசையா மாமா?"ன்னு ஒரே கேள்வி. பூட்டை விட்டுட்டுக் கீல் பக்கம் போனா, ஆணிகளைத் தட்டி எடுத்தா, கதவை அப்படியே தூக்கிச் சுவத்துல சாய்ச்சு வெச்சுட்டா. நான் துண்டோட நடுக்கூடத்துக்கு வந்துட்டேன், பூட்டு மட்டும் இன்னும் பூட்டியேதான் இருக்கு. பந்தயம் பந்தயம்தான், அவளைப் பயிற்சியில சேர்த்து விடு. அதுவும் சீக்கிரமா. ஏன்னா கழட்டத் தெரிஞ்சவளுக்குத் திருப்பி மாட்டத் தெரியல. பழகிட்டு வர்ற வரைக்கும் நாங்க எல்லாரும் சத்தமாப் பாடிக்கிட்டேதான் குளிக்கணும், உன் அக்கா குரல்தான் உனக்குத் தெரியுமே.